பந்தை எடுப்பவருக்கே வழி

செவ்வாய் இரவு

மழை விட்டு மைதானம் காய்ந்துவிட்டதால் ஆட்டம் நடந்தது. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பூங்காவில் நடக்கும் ஆண், பெண் கலந்த ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் லீக். அம்பயர் நான் ஒருவன்தான்.

ஒரு அவுட், இரண்டாவது பேஸில் ரன்னர். பேட்டர் அடித்த பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டது. அந்தப் பெண் குனிந்து கையுறையை நீட்டும் நேரத்தில், மூன்றாவது பேஸுக்கு ஓடிய ரன்னரின் முழங்கை அவர் தோளில் பட்டது. பந்து அவரைத் தாண்டிப் புல்வெளிக்குப் போனது. இரண்டு கைகளையும் உயர்த்தி "டெட் பால்!" என்றேன். இன்டர்ஃபியரன்ஸ். ரன்னர் அவுட், பேட்டருக்கு முதல் பேஸ்.

ரன்னர் நம் ஊர்ப் பையன், மென்பொருள் வேலை. இன்னிங்ஸ் முடிந்ததும் வந்தான். "அண்ணா, தெரியாமப் பட்டதுக்கு அவுட்டா?" கோபம் இல்லை, உண்மையான குழப்பம். தெரியாமல்தான் பட்டது, எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடித்த பந்தை எடுக்கப் போகும் ஃபீல்டருக்குத்தான் வழி சொந்தம். ரன்னர் எண்ணியது என்ன என்று விதி கேட்பதில்லை.

புதன்

அவன் கேள்வி நியாயமானது. கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். 2006-இல் பெஷாவரில், ரெய்னா எறிந்த பந்தை கிரீஸுக்கு வெளியே நின்று மட்டையால் தடுத்த பாகிஸ்தானின் இன்சமாம் அவுட் ஆனார். அங்கே வேண்டுமென்றே தடுத்ததுதான் குற்றம். சாஃப்ட்பாலில் எறிந்த பந்துக்கும் அடித்த பந்துக்கும் கணக்கு வேறு. எறிந்த பந்து ஓடுகிறவரின் முதுகில் தானாகப் பட்டால் ஆட்டம் தொடரும்; அவராகக் கையையோ உடம்பையோ நீட்டியிருந்தால்தான் அவுட். ஆகவே எதையும் சொல்வதற்கு முன் அம்பயர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இது மட்டையிலிருந்து வந்த பந்தா, கையிலிருந்து வந்த பந்தா?

பேஸ்பாலில் பெரிய அம்பயர்களையே இந்த விதி உலுக்கியிருக்கிறது. 1975 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். சின்சினாட்டியின் எட் ஆர்ம்பிரிஸ்டர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு நிற்க, அதை எடுக்கப் பாய்ந்த பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க் அவர்மேல் மோதினார். அவசரத்தில் எறிந்த பந்து சென்டர் ஃபீல்டுக்குப் போனது. வெறும் மோதல்தான் என்று அம்பயர் லாரி பார்னெட் விட்டுவிட்டார். சின்சினாட்டி 6-5 என்று வென்றது. பார்னெட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு தீர்ப்புக்காக ஒரு மனிதரை அப்படி மிரட்டியதை எந்த ரசிகப் பற்றும் நியாயப்படுத்தாது.

வியாழன்

இன்று எதிர்ப்பக்க வழக்கு. பந்து கையில் இல்லாத, எடுக்கவும் போகாத முதல் பேஸ்காரர் ஓடுபாதையில் நின்றார். ரன்னர் சுற்றிக்கொண்டு போனார். இது அப்ஸ்ட்ரக்‌ஷன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு ஆட்டத்தை ஓட விட்டேன். பந்து உடனே செத்துவிடுவது இன்டர்ஃபியரன்ஸில் மட்டும்தான். முடிந்தபின் ரன்னருக்கு இரண்டாவது பேஸ் கொடுத்தேன். தடை இல்லாவிட்டால் அவர் அங்கே சேர்ந்திருப்பார் என்பது என் கணிப்பு.

வெள்ளி

டபுள் பிளேயைக் கெடுக்க ஒருவர் இரண்டாவது பேஸ்காரரை நோக்கிக் கைகளைத் தூக்கிக்கொண்டே ஓடினார். அவர் ஏற்கெனவே அவுட் ஆனவர் என்பதால், ஹோம் பிளேட்டுக்கு மிக அருகில் இருந்த ரன்னரையும் அவுட் என்றேன். அவர்கள் கேப்டன், "பொழுதுபோக்குக்கு ஆடுகிறோம், இவ்வளவு கண்டிப்பு எதற்கு?" என்றார்.

பொழுதுபோக்கு என்பதால்தான் கண்டிப்பு வேண்டும் என்று நம்புகிறேன். இங்கே ஆடுகிறவர்கள் நாற்பது வயதில் வேலை முடிந்து வந்தவர்கள். குனிந்து பந்தைப் பார்க்கும் ஒருவருக்கு, பக்கத்திலிருந்து ஓடி வரும் எண்பது கிலோ உடம்பு தெரியாது. முழங்கால் போனால் மருத்துவச் செலவு, விடுப்பு, வீட்டில் பிள்ளைகளைத் தூக்க முடியாத மாதங்கள். முதல் பேஸில் பேட்டருக்கென ஆரஞ்சு நிறத் தட்டை ஒட்டி வைத்ததும் இந்த மோதலுக்குப் பயந்துதான். "வேணும்னு செய்யலையே" என்று அம்பயர் ஒரு முறை விட்டால், அடுத்த வாரம் இன்னொருவர் இன்னும் வேகமாக வருவார்.

ரன்னர்களுக்குப் பலரும் சொல்லித்தராத ஒன்று: கோட்டிலேயே ஓட வேண்டிய கட்டாயம் கிடையாது. மூன்றடி விலகினால் அவுட் என்பது, பந்தோடு தொட வருபவரிடமிருந்து தப்பும்போது மட்டும். பந்தை எடுக்கும் ஃபீல்டருக்கு இடையூறு செய்யாமலிருக்க எவ்வளவு தூரம் சுற்றிப் போனாலும் விதி உங்கள் பக்கம். அடுத்த ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் குனிவதைப் பார்த்தால் அவருக்குப் பின்னால் சுற்றி ஓடுங்கள்.