ஏற்காட்டுப் பாறையும் எழுத்து ஓவியமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சில்லென்ற காற்றும் அலுப்பைப் போக்கிவிடும். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. உயரம் சுமார் 1,515 மீட்டர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தாராம்.

ஏரியில் படகு, சேர்வராயன் குகைக் கோவில், லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகள் இவையெல்லாம் எல்லாரும் பார்ப்பவை. பகோடா பாயின்ட்டையும் விட்டுவிடாதீர்கள். மலைவாழ் மக்கள் கல்மேல் கல்லாக அடுக்கிய கூம்புகள் அங்கே இருக்கின்றன. பகோடா என்ற பேரும் அதனால் வந்ததுதான்.

அங்குள்ள பாறைகளைப் பார்த்தால்தான் மனசு சங்கடப்படுகிறது. பெயின்ட்டிலும் கரியிலும் பெயர்கள், தேதிகள், அம்பு துளைத்த இதயங்கள்! என் மகள் பார்த்துவிட்டு, "ஏம்மா, சோழமண்டலத்துல பார்த்த படம் மாதிரி இல்லே?" என்றாள்.

அவள் சொன்னது கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களை. 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். 1977-ல் காலமானார். 1963-லிருந்து அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் கட்டம், வட்டம், முக்கோணம், நடுநடுவே மலையாளம் போன்ற எழுத்துக்கள், எண்கள். படித்தால் அர்த்தம் வராது. வரக்கூடாது என்றுதான் அப்படி எழுதினார். எழுத்தும் ஒரு கோடுதானே!

நமக்கு இது புரியாத சமாசாரமில்லை. ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு கட்டம், உள்ளே குட்டிக் குட்டி எழுத்து. வாசலில் போடும் கோலத்தில் புள்ளியும் கோடும். பணிக்கரும் ஜாதகக் கட்டத்தைத் தம் படங்களில் எடுத்துக்கொண்டவர்தான்.

அப்படியானால் பாறைக் கிறுக்கலும் கலைதானா? இல்லை என்றேன் மகளிடம். பணிக்கர் எழுதியது தன் சொந்தத் துணியில். அதில் தன் பெயரைப் பெரிசாக்கிக் காட்டவில்லை. இங்கே எழுதுகிறவர்களோ, ஊருக்கெல்லாம் பொதுவான மலையில் "நான் வந்தேன்" என்று மட்டும் சொல்கிறார்கள். மரத்தில் கத்தியால் செதுக்குவது இன்னும் மோசம். இலையில் தயாராகும் சத்து வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கமாகத்தான். அதை வெட்டினால் மரம் பட்டினி. காயத்தில் காளானும் பூச்சியும் புகுந்துகொள்ளும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஸ்வெட்டரோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். கல் கூம்பை முக்கோணமாகவும், ஏரியை வட்டமாகவும் போட்டு, நடுவில் இஷ்டப்பட்ட எழுத்தை எழுதட்டும். வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டிவிடலாம். பாறையும் மரமும் அடுத்து வருகிறவர்களுக்காகச் சுத்தமாக இருக்கட்டும்.