கூடத்தில் விரித்த பாராசூட்

துபையில் பணிபுரியும் எங்கள் இளைய மகன் சென்ற நோன்புப் பெருநாளுக்கு ஆரணிக்கு வந்தபோது, வழக்கமான இரண்டு பெட்டிகளுடன் முதுகில் ஒரு கறுப்புப் பையையும் சுமந்து வந்தான். பேரீச்சம்பழம், தைலம், அத்தர், குழந்தைகளுக்கு மிட்டாய் என்று பெட்டிகள் இரண்டும் அன்றிரவே காலியாகிவிட்டன. கறுப்புப் பை மட்டும் திறக்கப்படாமல் மாடி அறைக்குப் போயிற்று. அதில் என்ன என்று அவனுடைய அம்மா கேட்டதற்கு, "விளையாட்டுச் சாமான், அம்மா" என்றான். அது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

பெருநாள் கழிந்த வாரம் டில்லியில் இருக்கும் மூத்த மகளைப் பார்க்க மூவரும் புறப்பட்டோம். கறுப்புப் பையும் உடன் வந்தது. ஹரியானாவில் நண்பர்களுடன் இரண்டு நாள் இருக்கப் போவதாக மட்டும் அவன் சொல்லியிருந்தான். பயணத்தின் வழியில் ஒரு விமான நிலையத்தில், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சோதனை அறைக்கு அவனை அழைத்துச் சென்ற விமான நிறுவன ஊழியரிடம் என்ன விஷயம் என்று கேட்டோம். அந்தப் பெண் இயல்பாகச் சொன்னார்: "உங்கள் மகன் பையில் பாராசூட் இருக்கிறது. அதில் ஏதோ ஒரு கருவி ஸ்கேனரில் தெரிகிறதாம்."

பெற்ற மகன் வானத்திலிருந்து குதிக்கிறான் என்பதை ஒரு தாய் இப்படித்தான் அறிந்தாள்.

அந்த நாற்பது நிமிடங்களை எளிதில் எழுதிவிட முடியவில்லை. தலையில் முக்காடும் முகத்தில் தாடியுமாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துவிட்டு, எதிர் இருக்கையில் இருந்தவர் தம் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய அம்மா ஓசையின்றி ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தாள். எங்கள் அச்சம் இரண்டாக இருந்தது. உள்ளே அவனை என்ன கேட்கிறார்களோ என்பது ஒன்று. அவன் எங்களிடம் இன்னும் என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறானோ என்பது மற்றொன்று.

அவன் புன்னகையோடு திரும்பி வந்தான். அறையில் நடந்ததைக் கேட்டபோது வியப்பாக இருந்தது. இத்தகைய பையில் பெரிய பாராசூட் ஒன்றும், அது விரியாமற்போனால் உதவுவதற்கு ரிசர்வ் பாராசூட் ஒன்றும் இருக்கும். குதித்தவன் நினைவிழந்து எதையும் இழுக்க இயலாமற்போனால், ரிசர்வைத் தானே திறந்துவிடும் சிறு கருவியும் இருக்கும். ஜெர்மனியில் உருவாகி 1991இல் விற்பனைக்கு வந்த 'சைப்ரஸ்' என்னும் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடிவைத்திருக்கும் கயிற்றை அக்கருவியின் சிறு கத்தி அறுத்துவிடும். அக்கத்தியை உந்துவது ஒரு துளி வெடிமருந்து. மின்கம்பி, உலோகக் குழாய், மின்கலம் எல்லாம் சேர்ந்து ஸ்கேனர் திரையில் எப்படித் தெரியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அவன் இதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தான். பை ஸ்கேனரில் எப்படித் தெரியும், அதில் எது என்ன என்று காட்டும் படம் அச்சிட்ட அட்டையொன்றைக் கருவி செய்வோரே தருகிறார்கள். அதை அதிகாரியிடம் கொடுத்தான். பெரிய பாராசூட்டைத் தானே பிரித்துக் காட்டினான். அவன் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ரிசர்வின் முத்திரையை மட்டும் உடைக்க வேண்டாம். அதை மடித்து வைப்பதற்கென்று தேர்ச்சிச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள், ரிக்கர் என்பார்கள். மடித்தபின் நூல் கட்டி ஈய முத்திரை வைத்து, தேதியை எழுதிக் கையொப்பமிடுவார்கள். முத்திரை உடைந்தால் மீண்டும் ஒரு ரிக்கரிடம் கொடுத்து மடித்தாக வேண்டும். அதிகாரி மேலதிகாரியை அழைத்தார். அவர் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வெடிபொருள் தடயம் உண்டா என்று துணியால் துடைத்துச் சோதித்தார்கள். பிறகு, "எவ்வளவு உயரத்திலிருந்து குதிப்பீர்கள்?" என்று ஆவலோடு கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தங்கள் கடமையைக் கண்ணியமாகவே செய்தார்கள் என்று அவன் சொன்னான்.

பையைக் கைப்பெட்டியாகவே எடுத்து வந்திருந்தால் என்ன என்று கேட்டோம். பத்து, பன்னிரண்டு கிலோ எடையுள்ள பையை ஏழு கிலோ வரம்புக்குள் எப்படி அடக்குவது? அமெரிக்க விமான நிலையங்களில் பாராசூட்டைக் கையிலும் கொண்டு போகலாம், பெட்டியோடும் அனுப்பலாம். சோதனைக்காகத் திறக்க நேர்ந்தால் உரியவர் உடனிருக்க வேண்டும் என்றும், அரை மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்றும் அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கும் அப்படியொரு தெளிவை எதிர்பார்க்க முடியாது. ஆகவே விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்து வைத்திருந்தான். கயிறு சிக்கினால் அறுப்பதற்கென்று தோள்வாரில் ஒரு கொக்கிக் கத்தி இருக்கும். பையைக் கையில் கொண்டு செல்பவர்கள் பலர் அதை மறந்துபோய்ப் பறிகொடுப்பார்களாம். இவன் அதையும் கழற்றித் துணிகளோடு பெட்டியில் வைத்திருந்தான்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின் அவனுடைய அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "முன்பின் தெரியாதவருக்குக் காட்ட அட்டை வைத்திருக்கிறாய். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லையா?"

அவன் தலை குனிந்தான்.

டில்லியில் மகள் வீட்டில் இரண்டு இரவுகள் பேச்சு நடந்தது. ஹரியானாவின் நார்னோலில் குதிக்க அவன் முன்பதிவு செய்திருந்தான். அவனுடைய அம்மா அல்பகரா அத்தியாயத்தின் 195ஆவது வசனத்தை நினைவூட்டினாள். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுக்கும் வசனம் அது. அவன் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபிமொழியைச் சொன்னான். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸையும் துணைக்கு அழைத்தான். அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டுக்கொண்டார் என்பதையும், அகராதி தொகுத்த அல்ஜவ்ஹரி நைசாபூரில் பள்ளிவாசல் கூரையிலிருந்து சிறகோடு பாய்ந்து உயிரிழந்தார் என்று சொல்லப்படுவதையும் நாங்கள் எடுத்துக் காட்டினோம். வாதத்தில் வென்றோம் என்று தோன்றியது. மனம் மட்டும் அமைதியடையவில்லை. அவன் முன்பதிவை ரத்து செய்துவிட்டு எங்களோடு ஊர் திரும்பினான். கோபமாகக்கூட ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

ஆரணிக்கு வந்த மூன்றாம் நாள், அவனுடைய அம்மாவே மாடியிலிருந்து பையை இறக்கச் செய்தாள். கூடத்தில் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பெரிய பாராசூட்டை விரிக்கச் சொன்னாள். 190 சதுர அடி. கூடம் போதாமல் ஒரு முனை திண்ணைவரை நீண்டது. அடுத்த தெருவில் தறி போட்டிருக்கும் பெரியவர் எதற்கோ வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாய், புதுசா பாவு ஓட்டுறீங்களா?"

"உள்ள வாங்கண்ணே. உங்க தொழில்தான், பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு துணியைத் தொட்டார். ஐம்பது ஆண்டுகள் பட்டு நெய்த விரல்கள். கட்டை விரலால் தடவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "கட்டம் கட்டமா தடிச்ச இழை ஓடுது பாருங்க. எங்கயாவது கிழிஞ்சா கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. நெய்தவன் விவரமானவன்" என்றார். பிறகு அகல நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, "ஒரு முகத்துக்கே மூணு புடவை போகும். அடியிலயும் துணி இருக்கே!" என்றார்.

நைலான் வரும்வரை பாராசூட் பட்டில்தான் செய்யப்பட்டது என்று மகன் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு நின்றுபோன பிறகுதான் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. அந்தக் காலத்தில் மைசூர்ப் பட்டுக்கும் பாராசூட்டுக்காகப் பெரும் கிராக்கி எழுந்தது. இன்றும் ஆரணித் தறிகளுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. போர் முடிந்தபின் இங்கிலாந்தில் துணிப் பஞ்சத்தால் பாராசூட் துணியிலேயே மணப்பெண்களுக்கு உடை தைத்தார்கள். இதைக் கேட்ட பெரியவர், "அப்போ மேலேருந்து இறங்கினாலும் கல்யாண வீட்டுக்குத்தான் போயிருக்கு" என்று சிரித்தார். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2018இல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜப் புடவை கட்டிக்கொண்டே குதித்ததைக் கைப்பேசியில் காட்டினான். முந்தானை எப்படிப் பறக்காமல் நின்றது என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அவர் போன பிறகும் அவனுடைய அம்மா துணியை விட்டு எழவில்லை. எந்தக் கயிறு எங்கே போகிறது, எதை முதலில் இழுப்பது, அது வராவிட்டால் எதை இழுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரிசர்வின் அட்டையில் எழுதியிருந்த தேதியைப் படித்தாள். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டும். 2008 வரை அது 120 நாளாக இருந்தது என்றான். "ஏன் கூட்டினார்கள்?" என்றாள். இப்போதைய துணி அத்தனை நாள் மடிப்பில் கெடாமல் தாங்கும் என்று விளக்கினான். அவள் முழுமையாக நம்பியதாகத் தெரியவில்லை. மாலையில் அவன் பாராசூட்டை மடிக்கத் தொடங்கியபோது, பட்டுப்புடவை மடிக்கிற பழக்கத்தில் அவளும் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். காற்றை வெளியேற்றி முழங்காலால் அழுத்திப் பைக்குள் அடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அஸர் தொழுகைக்கு இருவருமே தாமதம்.

அனுமதி கொடுத்தாள் என்று சொல்ல மாட்டோம். தடுக்கவும் இல்லை. அவன் துபைக்குத் திரும்பும் நாளில் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, அந்த அட்டை, விமான நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். கொக்கிக் கத்தியைக் கழற்றினாயா என்று இருமுறை கேட்டாள்.

இப்போது வாரந்தோறும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவன் அழைப்பான். நலம் விசாரித்து, சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்தபடி அவனுடைய அம்மா சொல்கிறாள்: "இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கு. அந்த ரிக்கரிடம் இப்பவே சொல்லி வை."