மடவார் வளாகம் நிறுத்தம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் பேருந்தில் நான் முன்பக்கம்தான் உட்காருவேன். பின்னிருக்கை தூக்கித் தூக்கிப் போடுவது எனக்கு ஆகாது. வேகத்தடை இருக்கிற இடமெல்லாம் மனப்பாடம். மடவார் வளாகம் நெருங்கும்போது என் கை தானாகக் கைப்பைக்குள் போய் ரிமோட்டைத் தொட்டுக்கொள்ளும். உடம்பு குலுங்கினால் என் இடது காலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் ஒரு நொடி எகிறிவிடும். தும்மினாலும் எகிறும். மல்லாந்து படுத்தால் கூடும், எழுந்து நின்றால் குறையும். வகுப்பில் ஒருமுறை மாணவி ஒருத்தி சொன்ன பதிலுக்கு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

என் முதுகெலும்புக்குள், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே, இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் மின்முனைகள். கம்பிகள் தோலுக்கு அடியிலேயே இறங்கி வந்து, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் புதைத்திருக்கும் பேட்டரியில் சேர்கின்றன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. தடவினால் கைக்குத் தெரியும். தண்டுவடத் தூண்டி என்று தமிழில் சொல்லலாம். வீட்டில் அதற்குப் பெயர் 'பெட்டி'. "பெட்டிக்குச் சார்ஜ் போட்டியா?" என்று அம்மா கேட்பாள்.

முப்பத்தைந்து வயதில் முதுகில் ஒரு வட்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வட்டு சரியானது, வலி போகவில்லை. எழும்பு, நட, உட்கார், எதைச் செய்தாலும் இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு எரிச்சல். ஸ்கேனில் எதுவும் இல்லை. ஸ்கேனில் இல்லாத வலியோடு ஒரு பெண் மருத்துவமனைக்குப் போனால் என்ன நடக்கும் என்று இந்த நூலை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போனேன். ஒருவர் "கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டு மனச்சோர்வுக்கான மாத்திரையை எழுதினார். அவமானமாக இருந்தது. அந்த மாத்திரை நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுவதுதான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். மாத்திரை சரி. கேள்விதான் கோளாறு.

எல்லா இடத்திலும் கேட்ட இன்னொரு கேள்வி: "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளிடம் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு, எரிச்சல், மதமதப்பு, சுருக்கென்பது, விண்விண்ணென்பது என்று எத்தனை வைத்திருக்கிறோம். கடுப்பையும் குடைச்சலையும் எங்கள் ஊரில் படிக்காதவர்கள்கூட மாற்றிச் சொல்லமாட்டார்கள். கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் நோயாளிகள் வலிக்குச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்கள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை 1975இல் வெளியிட்டார். அதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. நான் "எட்டு" என்று சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன். எட்டு என்றால் "எட்டுன்னா பஸ்ல வந்திருக்க முடியாதேம்மா" என்பார்கள். ஆறு என்றால் சீட்டே எழுதமாட்டார்கள்.

அதே மெல்சாக்கும் பேட்ரிக் வால் என்பவரும் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வலிச்செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது. தொடுகையைக் கொண்டுபோகும் பருத்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது அந்த வாயில் ஓரளவு சாத்தப்படுகிறது. இடித்துக்கொண்ட பிள்ளையின் முழங்காலைத் தேய்த்துவிடும் எந்தத் தாய்க்கும் தெரிந்த சங்கதிதான். அந்தத் தேய்ப்பை மின்சாரத்தால் செய்யலாமா என்று பார்த்தவர் நார்மன் ஷீலி. 1967இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தண்டுவடத்தின் மேல் மின்முனையைப் பொருத்தினார். அதற்கும் முன்னால், முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைப் பயன்படுத்தச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னேன். "மீனு செத்துப்போச்சுன்னா?" என்றாள். சரியான கேள்வி. என் பெட்டியும் ஒருநாள் சாகும், மாற்ற வேண்டும்.

2021இல் எனக்கு வைத்தார்கள். முதலில் ஒத்திகை: கம்பியை மட்டும் உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டி, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பது. பாதி என்பதுதான் அவர்களுடைய வெற்றி. முழுவதும் போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கம்பி வைத்த அந்த ஒரு மணிநேரத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குப்புறப் படுக்கவைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். நான் விழித்திருக்க வேண்டும், அதுதான் முறை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் கம்பியை மேலே தள்ளுகிறார். "இப்ப எங்கம்மா தெரியுது?" வயிற்றில் என்றேன். கம்பி நகர்ந்தது. "இப்ப?" வலது தொடை. மறுபடி நகர்ந்தது. "இப்ப?" இடது கெண்டைக்கால், எறும்பு ஊர்வதுபோல, ஆனால் பாதத்துக்கு இறங்கவில்லை. "இறங்குற வரைக்கும் பார்ப்போம்" என்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக என் சொல்லுக்கு ஏற்ப ஒரு மருத்துவரின் கை நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு குதிகாலைத் தொட்டபோது அழுதுவிட்டேன். வலிக்கிறதா என்று பதறினார்கள். இல்லை என்று தலையாட்டக்கூட முடியாது, அசையக்கூடாது.

எட்டு லட்சத்தைத் தாண்டியது செலவு. காப்பீட்டு நிறுவனம் இது ஏற்கெனவே இருந்த நோய் என்று கைவிரித்தது. பதினான்கு பவுன் போனது, மீதிக்குக் கடன். கழுத்திலும் கையிலும் கிடந்தது முதுகுக்குள் போய்விட்டது என்று அண்ணியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. பிறகு சில வாரங்களுக்கு மூன்று கட்டளைகள்: குனியாதே, திரும்பாதே, தூக்காதே. கம்பி இடம்பெயர்ந்துவிடும். குனிவதையும் திரும்புவதையும் தூக்குவதையும் எடுத்துவிட்டால் ஒரு பெண்ணின் நாளில் என்ன மிச்சமிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் பெருக்கினார், குடம் தூக்கினார். குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் சில வாரங்கள் பெருக்கியதைத் தெருவே கூடிப் பேசியது. 'தங்கமான மனுசன்' என்று இன்றைக்கும் பேசுகிறது.

வைத்துக்கொண்ட பிறகுதான் நிறையப் படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து, உடலில் பொருத்தப்படும் கருவிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 2008 முதல் அமெரிக்காவில் தண்டுவடத் தூண்டிகளால் காயம் என்று பதிவானவை மட்டும் 80,000க்கு மேல். 2023இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, கீழ்முதுகு வலிக்கு இந்தக் கருவி நீண்டகாலம் பயன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. அதை இரவு பதினொரு மணிக்கு, இடுப்பில் சார்ஜர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாசித்தேன். எனக்கு எட்டாக இருந்தது நான்காகியிருக்கிறது, சில மாதங்களாக ஐந்து. கருவியாலா, நம்பிக்கையாலா, ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதாலா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கவிதை எழுதுகிறவளுக்கு இது அவ்வளவு பெரிய சங்கடமில்லை. கடன் கட்டுகிறவளுக்குச் சங்கடம்தான்.

மடவார் வளாகத்துக்கு வருகிறேன். அங்கே வைத்தியநாதர் கோயில். திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்றுவலி இருந்ததாகவும், இங்கே வந்து குணமானதாகவும், அதற்கு நன்றியாகக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகவும் சொல்வார்கள். மன்னருடைய வயிற்றுவலி கல்லாக நிற்கிறது. இன்னொரு கதையும் உண்டு: பிரசவ வலியில் தவித்த ஒருத்திக்கு, வந்துசேராத தாயின் உருவில் சிவனே வந்து பேறு பார்த்தாராம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, வலி நிஜமா என்று சாமி கேட்கவில்லை என்பது.

மடவார் என்றால் பெண்கள். திருக்குறளில் அதே சொல் அறிவில்லாதவர் என்ற பொருளிலும் வருகிறது. இரண்டுக்கும் மடம் என்பதே அடி. தொல்காப்பியம் தொடங்கிப் பெண்ணுக்குரிய குணமாக வைத்த மடம். சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பது என்பது உரைகாரர்கள் வழி; அறிந்தும் அறியாததுபோல இருப்பது என்று வகுப்பில் பாடம் சொல்வோம். நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். வலி விஷயத்தில் அது என்ன செய்கிறது என்பது உறைக்க, நானே படுக்க வேண்டியிருந்தது. தனக்கு வலிப்பதை அறிந்தும் அறியாததுபோல இருக்கப் பழக்கப்பட்டவள், ஒருநாள் வாய் திறந்து சொன்னால் யார் நம்புவார்கள்? பண்டைத் தமிழில் வலி என்றால் வலிமை. குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அரசனுக்கு.

இப்போது நான் தள்ளிப்போட்டு வந்ததைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா சத்திரப்பட்டிக்காரி. ஊர் முழுக்கத் தறிச்சத்தம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அம்மா முப்பது வருடம் தார் சுற்றினாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்பாள். நான் அப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன், சங்க அகப்பாடல்களில் பெண்ணின் நோய் என்பதுதான் தலைப்பு. பசலையைப் பற்றி அறுபது பக்கம். அந்த 'ஆத்தாடி' என் எழுத்தைத் தொந்தரவு செய்தது. ஒருநாள், "எல்லாருக்கும்தாம்மா வலிக்குது, சும்மா சும்மா சொல்லிக்கிட்டே இருந்தா எப்படி?" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சுவரை மட்டும் பிடித்தாள், சத்தம் வரவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

2020இல் உலக வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியது. முந்தைய வரையறை 1979இல் வந்தது. எனக்கு அந்தக் குறிப்பைப் படித்துத்தான் அம்மா ஞாபகம் வந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது.

போன தை மாதம் அம்மாவை எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். எழுபத்தொரு வயதில் அவளுடைய இடுப்புக்கு முதல் எக்ஸ்ரே. தேய்மானம் இருக்கிறது என்று மருத்துவர் படத்தைக் காட்டினார். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வலி இதுல எங்கன இருக்கு சார்?"

"வலி படத்துல தெரியாதும்மா. எலும்புதான் தெரியும்."

"அப்ப நான் சொன்னாத்தான் உண்டு."

"ஆமா. சொல்லுங்க, எப்படி வலிக்குது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்பதுபோல இருந்தது. நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். "தறியில நாடா குறுக்க நின்னுக்கிட்ட மாதிரி இருக்கு சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. நாடா குறுக்கே நின்றால் பாவு நூல் கொத்தாக அறுந்துபோகும், தறியை நிறுத்திவிட்டு ஒவ்வோர் இழையாக முடிச்சுப்போட வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். அவளுக்குப் பெட்டி தேவையில்லை, அந்த வகை வலி அல்ல. மாத்திரையும் சில பயிற்சிகளும் கொடுத்தார். தேவைப்பட்டிருந்தால் எங்கே போயிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு பவுன் மிச்சமிருக்கிறது.

திரும்பும்போது பேருந்தில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பஸ் குலுங்கியது, நான் ரிமோட்டைத் தேடினேன். அம்மா என் இடுப்புக்குப் பின்னால் கையைக் கொடுத்துப் பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "எகிறுச்சா?" என்றாள். "கொஞ்சம்." நடத்துநர் மடவார் வளாகம் யாரும் இருக்கா என்று குரல் கொடுத்தார். அம்மா எழுந்தாள். இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆத்தாடி" என்றாள்.