மூன்று பணப்பைகளும் ஒரு கடற்கரையும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று சிறு வகுப்பில் படித்தோம். அந்தத் தீவில் இரவு எங்கே தூங்குவது, அதற்கு எவ்வளவு கொடுப்பது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. 2025 ஏப்ரல் கடைசி வாரம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, எங்கள் குடும்பத்தார் பத்துப் பேர் அந்தமானுக்குச் சென்று வந்தோம். பயணக் கட்டுரை என்றால் கடலின் நீலத்தைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் விடுதிகளைப் பற்றி எழுதப்போகிறேன், தோழியரே. விடுதி பார்க்கும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டிருந்தார்.

அப்பா அஞ்சல் துறையில் பணிபுரிகிறார். மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்வரும் பயணச் சலுகையை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் செல்லலாம். ஆனால் சலுகை பயணச்சீட்டுக்கு மட்டுந்தான். தங்குவதும் உண்பதும் அங்கே சுற்றுவதும் நம் கைக்காசு. நாங்கள் ஆச்சியையும் சேர்த்து ஐந்து பேர். தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்யும் பெரியப்பா, பெரியம்மாவோடும் அக்காவோடும் வருவதாகச் சொன்னார். மூன்றாவது, அத்தையும் அவர் மகளும். அத்தை வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கிறார். மாமா 2019-இல் இறந்துபோனார். அவர் இரண்டு வருடம் போர்ட் பிளேரில் கொத்தனார் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடைத்தெருவைப் பற்றியும் கடலைப் பற்றியும் சொல்லுவாராம். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அத்தை சீட்டுக் கட்டி விமானக் கட்டணம் சேர்த்து வைத்திருந்தார்.

எல்லோரும் எங்கள் வீட்டில் கூடிப் பேசிய அன்று பெரியப்பா, “தங்கச்சி, உனக்கும் பிள்ளைக்கும் சேர்த்து நானே அறை போட்டுவிடுகிறேன்” என்றார். அன்போடுதான் சொன்னார். அத்தை தைத்துக்கொண்டிருந்த ஊக்கைக் கீழே வைத்து, “அப்படியென்றால் நான் வரவில்லை, அண்ணே” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆச்சிதான், “விரலுக்குத் தகுந்த வீக்கம். அவளவள் கைக்குத் தகுந்த இடமாகப் பார், ஆனால் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அத்தை என்னிடம் தனியாக வந்து, தங்குவதற்குத் தம்மிடம் ஐந்து இரவுக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது என்றார். பெரியப்பாவோ மூன்று இரவும் கடற்கரையை ஒட்டிய பெரிய ஓட்டல்தான் என்று படத்தைக் காட்டினார். ஒரு இரவுக்கு இருபத்தெட்டாயிரம், வரி தனி. இரண்டையும் என் கணக்கு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேர் கடினமாக இல்லை. (2024 செப்டம்பரில் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். மாமா சொன்ன பெயர் என்பதால் நான் பழைய பெயரையே எழுதுகிறேன்.) அங்கே போனவுடன் ஒரு இரவு, திரும்பும்போது ஒரு இரவு. நகரத்தின் நடுவே ஆபர்டீன் பஜார் என்று ஒரு கடைத்தெரு. பேருந்து நிலையம் அருகில், சிறைச்சாலை நினைவகம் நடக்கும் தூரம், சிறிய லாட்ஜுகள் பல. நான் பேசிய ஒரு லாட்ஜில், என் இந்தியைச் சற்று நேரம் பொறுத்துக் கேட்டுவிட்டு, “தமிழா? முதலிலேயே சொல்லக்கூடாதா அம்மா” என்றார்கள். இரண்டு பேருக்கு மின்விசிறி அறை 1,100 ரூபாய், எங்கள் ஐவருக்கும் பெரிய அறை 2,200. மாமா வாடகைக்கு இருந்த அறையும் அந்தக் கடைத்தெருவின் பின்புறம் எங்கோதான். எனவே அத்தை அந்த இடத்தைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். பெரியப்பாவும் ஓர் இரவுதானே என்று அதே லாட்ஜில் ஏ.சி. அறைக்குச் சம்மதித்தார்.

சிரமமெல்லாம் ஹேவ்லாக் தீவில். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயரிட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். அங்கே கடற்கரைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 3, 5 ஆகியவை கிழக்குப் பக்கம். கடைகளும் நடுத்தர விடுதிகளும் மூங்கில் குடில்களும் பெரும்பாலும் அங்கேதான். மேற்குப் பக்கம் 7-ஆம் எண், அதுதான் பெயர்பெற்ற ராதாநகர். 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போலிருக்கும். பெரியப்பாவின் ஓட்டல் அந்தப் பக்கம்.

தூத்துக்குடிப் பெண்ணாகிய எனக்கு, கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் என்பதே முதலில் சிரிப்பாக இருந்தது. நாங்கள் காசு கொடுக்காமல் தினமும் பார்க்கிறோமே! பிறகுதான் ஓர் உண்மை தெரிந்தது. நம் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. கிழக்குப் பக்கம் தரை ஆழமில்லாத பாறைத் தரை. வற்றத்தின்போது கடல் வெகுதூரம் பின்னால் போய்விடும்; கல்லும் பவளத் துண்டும் சேறுந்தான் மிஞ்சும், குளிக்க முடியாது. நாங்கள் போவதோ ஏப்ரல் 27 அமாவாசையை ஒட்டி. ஆகவே கிழக்கே ‘கடல் பார்த்த அறை’க்கு அதிகப் பணம் கொடுத்தால், நாளில் இரண்டு முறை நம்மை விட்டுப் போகிற கடலுக்குக் கொடுக்கிறோம் என்று பொருள். தென்னந்தோப்புக்குள் இருபதடி தள்ளியிருக்கும் அறையே போதும் என்று முடிவு செய்தேன். ராதாநகர் அப்படியல்ல. அங்கே மணல்தரை, எந்நேரமும் தண்ணீர் இருக்கும். பணத்துக்குப் பொருள் உண்டு என்றால் அந்தப் பக்கந்தான் உண்டு.

அடுத்தது குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். சுற்றிலும் கடல் இருந்தாலும் நல்ல தண்ணீருக்கு அந்தத் தீவுகள் மழையைத்தான் நம்பியிருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மாதம் மூன்றாம் வார வாக்கில்தான் அந்தமானைத் தொடும். அதற்கு முந்தின மாதங்கள் வறண்டவை. குடம் தூக்கிப் பழகிய ஊர்க்காரியாதலால் நான் ஒவ்வொரு விடுதியிலும் முதலில் கேட்ட கேள்வி, “நாள் முழுவதும் குழாயில் தண்ணீர் வருமா?” என்பதே. ஒருவர், “கடலுக்கு நடுவே இருந்துகொண்டு தண்ணீருக்கா குறை!” என்று சிரித்தார். அந்த இடத்தை உடனே அடித்துவிட்டேன். இன்னொருவர், “கிணறு இருக்கிறது, காலையும் மாலையும் தொட்டி நிரப்புவோம், நடுவில் பார்த்துச் செலவு செய்ய வேண்டும்” என்று உள்ளதைச் சொன்னார். அவரையே தேர்ந்தெடுத்தோம்.

அவருடைய இடம் 5-ஆம் எண் கடற்கரையில் ஒரு பாக்குத் தோப்பு. முன்னோர்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களாம். அந்தத் தீவில் பல குடும்பங்களின் கதை அதுதான். ஒரே வளாகத்தில் இரண்டு விலை இருந்ததுதான் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். முன்பக்கம் செங்கல் கட்டடத்தில் ஏ.சி. அறைகள், நாளுக்கு 3,000. தோப்புக்குள் நான்கு படி ஏறிப் போகும் மூங்கில் குடில்கள், மின்விசிறியும் கொசுவலையும் மட்டும், 1,200. ஆச்சிக்கு முழங்கால் வலி, படி ஆகாது, உட்காரும் கழிப்பறை வேண்டும். ஆதலால் எங்களுக்குச் செங்கல் அறை, கூடுதல் மெத்தைக்கு நாளுக்கு 500. அத்தைக்கு மூங்கில் குடில். போர்ட் பிளேரில் இரண்டு இரவு 2,200, இங்கே மூன்று இரவு 3,600, ஆக 5,800. ஆறாயிரத்துக்குள் வந்துவிட்டது. அத்தை நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

பெரியப்பாவிடம் வரிக் கணக்கைக் காட்டினேன். அப்போது 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வரி, அதற்கு மேல் பதினெட்டு. (2025 செப்டம்பர் 22 முதல் அந்தப் பன்னிரண்டு ஐந்தாகக் குறைந்துவிட்டது.) 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 8,288; 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் இருநூறு வித்தியாசம், கையிலிருந்து போவது 680! வியாபாரியான பெரியப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பெரிய ஓட்டலில் மூன்று இரவென்றால் 99,120 ஆகும் என்றதும், ஓர் இரவு அங்கே, மற்ற இரண்டு இரவும் எங்கள் தோப்புக்குப் பக்கத்திலுள்ள 7,400 ரூபாய் விடுதி என்று மாற்றிக்கொண்டார். ஆச்சியின் கூப்பிடு தூரமும் கிடைத்தது.

போய்ச் சேர்ந்த அன்று மாலை நாங்கள் தோப்பிலிருந்து அரசுப் பேருந்தில் ஏறி ராதாநகர் போனோம். ஆளுக்கு இருபது ரூபாய். அங்கே உயர்ந்த மரங்களைத் தாண்டி மணலில் இறங்கினால், எதிரே பெரியப்பாவும் அக்காவும் நடந்து வருகிறார்கள். கடற்கரை பொது இடம். ஓட்டல்காரர்களுக்கு ஒரு பக்கம் வழி, பேருந்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு பக்கம் வழி, மணல் ஒன்றுதான். “எவ்வளவு கொடுத்து வந்தீர்கள்?” என்றார் பெரியப்பா. அத்தை சொன்னார். பெரியப்பா கையிலிருந்த அறைச் சாவி அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த 33,040 ரூபாய் வீண் என்று நான் எழுத மாட்டேன். பெரியம்மா உப்பளத்து ஆட்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறவர். “பகல் முழுக்க ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்” என்று மறுநாள் அம்மாவிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் மூன்று நாள் அப்படிப் படுத்திருக்க அவராலேயே முடிந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்தமானில் சூரியன் நம் கடிகாரப்படி சீக்கிரம் மறைந்துவிடுகிறது. ஐந்தரை மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கியது, கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஆட்டோக்காரர் ஐந்நூறு கேட்டார். பெரியப்பா தாம் அமர்த்திய வண்டியில் ஏறச் சொன்னார். நாங்கள் அத்தையைப் பார்த்தோம். “வண்டியில் இடம் காலியாகத்தானே இருக்கிறது, அதற்கென்ன கணக்கு?” என்று அவரே முதலில் ஏறினார். ஏழு பேரும் இரண்டு நடையாகத் தோப்புக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மாலை எங்கள் பக்கத்துக் கடல் உள்ளே போய்க் கல்லாகக் கிடந்தபோது ஆச்சி பதறி எழுந்து நின்றுவிட்டார். 2004 டிசம்பர் 26 அவருக்கு மறக்கவில்லை. இது தினமும் நடப்பதுதான் என்று தோப்புக்காரர் கையைக் காட்டிப் புரியவைக்கச் சற்று நேரம் ஆயிற்று. அன்றிரவு மின்சாரமும் போயிற்று. ஏ.சி. நின்றதும் எங்கள் செங்கல் அறை அடுப்பாகிவிட்டது. மூங்கில் குடிலிலோ நாலா பக்கமும் காற்று. தம்பி தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினான், பின்னாலேயே நானும். விடியும்வரை குடிலில் நான்கு பேர். பெரியப்பா காலையில் வந்து அந்தப் படியில் உட்கார்ந்து, “அடுத்த தடவை எனக்கும் இதில் ஒன்று பார்” என்றார். பெரியம்மா அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

கடைசி நாள் ஆபர்டீன் பஜாரில் அத்தை எங்களை அழைத்துக்கொண்டு பின்தெருக்களில் நடந்தார். மாமா இருந்த அறை எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய கட்டடங்கள் பலவும் மாறியிருக்கலாம். ஒரு முனையில் தமிழர் ஒருவரின் தேநீர்க் கடை இருந்தது. அத்தை அதன் முன்னே நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விடுதிக் கணக்கில் மிஞ்சிய இருநூறு ரூபாயை எடுத்து, பத்துப் பேருக்கும் தேநீரும் வடையும் சொன்னார். தேநீர் பத்து, வடை பத்து. பெரியப்பா பணப்பையை எடுக்கவில்லை. குடித்து முடித்ததும், “தங்கச்சி, இன்னொரு வடை” என்று கேட்டார். அத்தை கைப்பையின் அடியில் தேடிப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார்.