இறுக்கம் எங்கே இருக்கிறது

எங்கள் ஊர் அணைக்கட்டு. பெயரில் மட்டும்தான் தண்ணீர். ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூர் வழியாக வரும் உத்திர காவேரி நல்ல மழை பெய்தால் சில நாள் ஓடும், அப்புறம் மணல்தான். அது போய்ச் சேரும் பாலாற்றுக்கும் அதே கதை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பாலத்தின் மேல் ஜனங்கள் திருவிழா மாதிரி நின்று பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதே எங்களுக்கு வேடிக்கை.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஐடிஐ முடித்து, இரண்டு வருஷம் பைக் மெக்கானிக்காக இருந்துவிட்டு, கோவளத்தில் படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் சேரப்போகிறேன் என்றதும் நைனா சிரித்தார். "படகா? நீ நீச்சலே கத்துக்கலயேடா."

அவர் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தார். விடியற்காலை வேனில் போய் இருட்டிய பிறகு வருவார். சட்டையைத் துவைத்தாலும் போகாத ஒரு வாசனை அவரிடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் யாராவது "தோல் ஷாப்பு" என்று சொன்னால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். கடலோரம் போனதற்கு அந்த வாசனையும் ஒரு காரணம். அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஏழாவது மாதம் அந்தப் படகு வந்தது. முட்டுக்காடு உப்பங்கழியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் தனியார் படகு. மீனவர்களின் ஃபைபர் படகில் இன்ஜினோடு சேர்ந்த கைப்பிடியைப் பிடித்தே திருப்புவார்கள். இதில் கார் மாதிரி முன்னால் வீல். "வீல் டைட்டா இருக்கு தம்பி, ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியிருக்கு" என்றார் ஓட்டுகிற அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

முதலாளி அன்று ஊரில் இல்லை. நான் பைக் மெக்கானிக் புத்தியில் யோசித்தேன். இறுகினால் எண்ணெய். கண்ணுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தேன். வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருபது முறை ஆட்டினேன். லேசாகிவிட்டது. நோட்டில் "ஸ்டீயரிங் சரி" என்று எழுதினேன். அண்ணன் வீலை ஒரு விரலால் சுற்றிப் பார்த்து, "கை ராசி உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள். கழிமுகம் வழியாகத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். பாலத்துக்குக் கீழே வரும்போது வீல் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் பயந்து திராட்டிலைக் குறைத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் அவுட்போர்டு படகுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. இன்ஜின் திரும்பி, அதன் புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளும் திசையால்தான் படகு திரும்பும். வேகத்தைக் குறைத்தால் திருப்பும் வலுவும் குறைந்துவிடும். படகு நீரோட்டத்தோடு தூணை நோக்கிப் போனது. படகில் நாலு பேர், அதில் ஒரு குழந்தை. இடிக்காமலிருக்க அவர் கையைக் கொடுத்துத் தூணைத் தள்ளியிருக்கிறார். மணிக்கட்டு உடைந்தது. மற்ற யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

படகு திரும்ப வந்தபோது முதலாளி இருந்தார். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "லிங்க் ராடைக் கழட்டு" என்றார்.

லிங்க் ராடு என்பது ஸ்டீயரிங் கேபிளின் முனையையும் இன்ஜினையும் இணைக்கும் சின்னக் கம்பி. அதைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் தள்ளச் சொன்னார். பூக்கூடை மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. "அப்போ இன்ஜின் மேல தப்பு இல்ல. அது இறுகியிருந்தா ஸ்விவல்ல கிரீஸ் காஞ்சிருக்குன்னு அர்த்தம். நிப்பிள்ல புதுசா ஏத்தி, பழசு பிதுங்கி வர்ற வரைக்கும் அடிக்கணும். இப்ப கேபிளை உருவு."

கேபிளின் முனையில் இரண்டு ஜாண் நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி. இன்ஜினை மேலே தூக்கும்போது அது எந்தக் குழாயை அச்சாக வைத்துச் சாய்கிறதோ, அந்த டில்ட் டியூபுக்குள்ளேதான் இந்தக் கம்பி போய்வந்துகொண்டிருக்கும். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, பழைய கிரீஸ் கட்டியாகி, எஃகு துருப்பிடித்து ஊதிப்போய், கம்பி குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓர் இரவு எண்ணெயில் ஊறவிட்டு, காலையில் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டித்தான் எடுத்தோம். வெளியே வந்த கம்பியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கேபிள் கழன்ற பிறகு வீலைச் சுற்றிப் பார்த்தோம். அதுவும் கரகரத்தது. கேபிளின் உறைக்குள்ளேயும் தண்ணீர் போயிருந்தது. அதற்குள் கிரீஸ் ஏற்ற வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

"நீ அடிச்ச ஸ்பிரே இன்னா பண்ணுச்சு தெரியுமா? இருந்த கொஞ்சநஞ்ச கிரீஸையும் கரைச்சு வெளிய எடுத்துடுச்சு. அது ஈரமா இருந்த வரைக்கும் வீல் லேசா இருந்துச்சு. காஞ்சதும் வெறும் இரும்பும் இரும்பும்."

குழாயைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸைப் பூசி, புதுக் கேபிளைச் செருகினோம். லிங்க் ராடின் நைலான் நட்டுகளைப் புதிதாகப் போட்டார். பழையது ஒருமுறை கழன்றால் பிடிப்பு போய்விடும். ஓடும்போது அந்த ராடு கழன்றால் இன்ஜின் தானாக முழுசாகத் திரும்பி, படகு சுழன்று ஆளைத் தூக்கி எறியும். இன்னொன்றும் சொன்னார்: நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது கம்பி குழாய்க்குள் முழுசாக இழுபட்டிருக்க வேண்டும். நீட்டியபடி அடித்தால் கிரீஸே அடைத்துக்கொண்டு பூட்டிவிடும்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். ராத்திரி வாசலில் உட்கார்ந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையைப் பற்றி நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்முறை. கேட்டு முடித்துவிட்டு, "காஞ்ச தோலு மேல எண்ணெய தடவினா இன்னா ஆவும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இருபத்திமூன்று வருஷம் அந்த மனுஷன் சம்பாத்தியத்தில் சாப்பிட்டிருக்கிறேன்.

"மேலயே நிக்கும். தொட்டா மெத்துனு இருக்கும், மடிச்சா வெடிக்கும். தோலு ஈரமா இருக்கும்போதே டிரம்முல போட்டு, சுடுதண்ணில எண்ணெயப் பால் மாதிரி கலந்து சுத்த விடுவோம். நாருக்கு நாரு உள்ள போவணும். கடைசியா ஆசிட் ஊத்தினாத்தான் எண்ணெய் உள்ள நிக்கும். அப்புறம்தான் காய வெக்கிறது. அந்த எண்ணெய் இல்லாம காஞ்சா நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தோலு பலகை ஆயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "மேல தடவிட்டு சரக்கு ரெடின்னு அனுப்புறவனும் இருக்கான். செருப்பு ஆனப்புறம்தான் தெரியும்."

அவர் என்னைக் குத்திப் பேசவில்லை. தொழில் பேசினார். அதனால்தான் வலித்தது.

மறுநாள் கோவளம் திரும்பியதும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் தன் மேல்தான் தப்பு, தான்தான் வீலைத் தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல." நான் ஸ்பிரே அடித்ததை, எதையும் கழற்றிப் பார்க்காமல் "சரி" என்று எழுதியதை, அவர் மனைவியும் மகனும் இருக்கும்போதே சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மகனைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றார். அவ்வளவுதான். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் அவருக்குச் சம்பளமில்லை. என் சம்பளத்தில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் மாதம் வாங்கவில்லை. இரண்டாவது மாதம் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் மறுபடி படகு ஓட்டுகிறார். மாதாமாதம் கிரீஸ் அடிக்க என்னிடம்தான் வருவார். நான் லிங்க் ராடைக் கழற்றி, இன்ஜினைக் கையால் தள்ளிப் பார்த்து, திரும்ப மாட்டி நோட்டில் எழுதும்வரை பக்கத்திலேயே நிற்பார். எழுதியதும் வீலை ஒரு சுற்றுச் சுற்றுவார், இரண்டு கையாலும். ஒரு விரலால் அவர் அதைச் சுற்றி நான் அப்புறம் பார்க்கவில்லை.