மேற்பூச்சின் அடியில்



வாப்பா மவ்த்தான பின் அவர்களின் ஃபைபர் படகு எட்டு மாதங்கள் கீழக்கரைக் கடற்கரையில் கவிழ்ந்தே கிடந்தது. சகோதரர்கள் எங்கள் இருவருக்குமே கடல்தொழில் இல்லை. படகை விற்று வாப்பா வைத்துச் சென்ற கடனை அடைப்பது, அதன் பின்னரே மற்றப் பங்குகளைப் பேசுவது என்று முடிவு செய்தோம்.

படகின் மேல் கையை வைத்தால் சுண்ணாம்பு போல வெண்தூள் ஒட்டியது. வாப்பா இருந்தவரை, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவித் தார்ப்பாய் போர்த்தாமல் வீடு திரும்ப மாட்டார்கள். நாங்கள் ஒரு சாக்குகூடப் போர்த்தவில்லை. வெயில் ஜெல்கோட்டைத் தின்றிருந்தது. படகு வார்க்கையில் அச்சில் முதலில் பூசப்படும் நிறமேற்றிய ரெசின்தான் அது. கனம் அரை மில்லிமீட்டர் அளவே. கண்ணாடி இழைக்குள் நீர் இறங்காமல் காப்பதும் அதுவே. அளவு மீறித் தேய்த்தால் பளபளப்புக்குப் பதிலாக இழை தெரிந்துவிடும். எனவே 800, பின் 1200 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்தோம்.

அப்போதுதான் முன்பக்க அடியில் நட்சத்திரம் போல் கிளைத்த மயிரிழை விரிசல்கள் கண்ணில் பட்டன. நாணயத்தால் தட்டிப் பார்த்தோம். மற்ற இடங்களில் கணீரென்ற ஓசை. அங்கே மட்டும் மந்தமான ஓசை. உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருந்தன.

மேலே ஜெல்கோட் பூசி மெழுகிட்டால் எவருக்கும் தெரியாது. வாங்குபவர் ஜும்ஆவுக்குப் பின் வருவதாக இருந்தது. அடிப்பகுதி ஈரமான தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த நிகழ்வை மதரஸாவில் படித்தவர்கள்தாம் நாங்கள். ஆயினும், கடனும் வாப்பாவுடையதுதானே என்று எங்களில் ஒருவர் சொன்னபோது மற்றவருக்கு மறுக்க நா எழவில்லை. உம்மாதான் கேட்டார்கள்: “வாங்குறவரு அந்தப் படகுலதானே கடலுக்குப் போகணும்?”

வருபவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். விட்டுப்போன இழையை அராவி எடுத்தபோது ஈரம் கசிந்தது. நல்ல தண்ணீரால் கழுவி நான்கு நாள் உலரவிட்டு, அசிட்டோனால் துடைத்து, ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று அடுக்கு மேட் ஒட்டினோம். ரெசினில் கோபால்ட்டை நன்கு கலக்கிய பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பற்றக்கூடும். மேலே பூசிய ஜெல்கோட் காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் பிளாஸ்டிக் தாளால் மூடி இறுகவிட்டோம்.

எவ்வளவு மெருகிட்டும் பழைய வெள்ளையோடு புதிய வெள்ளை சேரவில்லை. ஒட்டு பளிச்சென்று தெரிந்தது.

வந்தவரிடம் அவ்விடத்தை நாங்களே காட்டினோம். அவரும் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். விலையைக் குறைத்தே கேட்டார், கொடுத்தோம். கடனில் ஒரு பகுதி நின்றுவிட்டது. மாதந்தோறும் இருவரும் பங்கிட்டுச் செலுத்தி வருகிறோம். மிஞ்சிய ரெசினையும் அவர் கேட்டார். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் தனித்தனிப் பைகளில் கட்டிக் கொடுத்தனுப்பினோம்.