தாலுகா வாரியாக மழை

ஜூலை 16

காலை ஆறரைக்கே கூடலூர் அத்தையிடமிருந்து போன். "உங்க பக்கமும் லீவு விட்டாச்சா?" இல்லை. ஆட்சியர் அறிவிப்பில் உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் நான்கு தாலுகாதான். குன்னூரும் கோத்தகிரியும் பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாக்ஸ் தேடினாள்.

நீலகிரியின் மழையைப் புரிந்துகொள்ள அந்த லீவு அறிவிப்பை விடச் சுருக்கமான பாடம் வேறு கிடையாது. தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து வந்து முட்டுவது கூடலூர், பந்தலூர் சரிவிலும் குந்தா மலைகளிலும். தேவாலாவில் கொட்டித் தீர்க்கிறது. அப்பர் பவானி, அவலாஞ்சி அணைகள் நிரம்புவதும் இந்த மழையில்தான். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைத் தாண்டி எங்கள் கேத்திப் பள்ளத்தாக்குக்கு வரும்போது மேகத்திடம் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. சாரல், காற்று, நாள் முழுக்க விளக்குப் போடவேண்டிய இருட்டு, அவ்வளவுதான். இன்றைக்கே ஊட்டியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடிக்குப் போனால் புழுதி பறக்கும். எல்லாம் ஒரே மாவட்டம், ஒரே நாள். டிவியில் "நீலகிரியில் கனமழை" என்று ஓடுகிறது. எந்த நீலகிரியில் என்று யாராவது கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

காற்று நிற்கவே இல்லை. மேலே ரோட்டோரம் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியோடு சாய்ந்து, நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. சீகை மரமும் வேர் பிடிக்காது, சீக்கிரம் விழும். ஊட்டி முழுக்க இந்த இரண்டையும் நட்டுவிட்டு, ஆடிக்காற்றில் மரம் விழுகிறதே என்று ஆண்டுதோறும் ஆச்சரியப்படுகிறோம்.

2019-இல் இதே தேதியில்தான் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஊட்டிக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 120, 130 சென்டிமீட்டர். அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்த வாளி நிரம்பக்கூட இல்லை.

அக்டோபர் 3

தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய். வெயிலே படாமல் இலை ஈரமாகக் கிடந்தால் இது வரும். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் அடங்கும். அடிக்கவில்லை.

நவம்பர் 11

இப்போது லீவு எங்கள் பக்கம். மகளுக்குச் சந்தோஷம், எனக்குத் தூக்கம் இல்லை.

வடகிழக்குக் காற்று வங்கக் கடலிலிருந்து சமவெளியைக் கடந்து வந்து நேராக மோதுவது குன்னூர், கோத்தகிரி மலைமுகத்தில். ஜூலையில் எங்களுக்குக் குடை பிடித்த அதே தொட்டபெட்டா, இப்போது கூடலூருக்குப் பிடிக்கிறது. மழையின் அளவை மட்டும் பார்த்தால் தேவாலா ஜூலையில் பார்த்ததில் பாதிகூட இருக்காது. ஆனால் ஆள் சாவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலையின் ஒரு பகுதியே வாகனங்களோடு போனது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், ஊட்டிப் பக்கம் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஜூன் தொடங்கிச் சாரல் குடித்துக் குடித்துக் கனத்திருக்கிறது மண். அதன் தலையில் இரண்டு நாள் விடாத மழை. சரிவின் அடியை வெட்டி வீடும் ரோடும் போட்டிருக்கிறோம், ஓடைமேலும் கட்டியிருக்கிறோம். தண்ணீருக்குப் போக வழி இல்லையென்றால் மண்ணையும் சேர்த்துக்கொண்டு போகும். பழியை மழைமேல் போட்டுவிடுவது எல்லாருக்கும் வசதி.

மதியம் வீட்டுக்குப் பின்னால் உள்ள வெட்டுமேட்டைப் போய்ப் பார்த்தேன். விரல் நுழையும் அகலத்தில் ஒரு விரிசல், அதிலிருந்து கலங்கல் நீர் கசிகிறது. தெளிவாகக் கசிந்தால் அவ்வளவு பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். படுதாவை இழுத்து மூடி, மேலே கல் வைத்துவிட்டு, ராத்திரிக்கு எல்லாரும் சித்தப்பா வீட்டில் படுத்தோம். மலை ரயில் ரத்து. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தில் பாறை.

ஜனவரி 9

நேற்று ராத்திரி ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைச் சாத்தும்போதே சொன்னார்: "நட்சத்திரமெல்லாம் பளிச்சுனு தெரியுது கண்ணு. காலையில பனி வெள்ளையா கெடக்கும் பாரு."

கிடந்தது. மேகம் மூடியிருந்தால் பூமியின் சூடு அதற்குள் தங்கும், மூடவில்லையென்றால் விடியும்வரை வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பிக்கிறது, உயரம் குறைந்த பள்ளத்துத் தோட்டம் கருகுகிறது. தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாவது இப்படித்தான். உயரப் போகப் போகக் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இந்த ஒரு காலையில் செல்லாது.

செய்தியில் 2 டிகிரி என்றார்கள். அது நாலடி உயரப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் கணக்கு. புல்லுக்கு அந்தப் பெட்டி இல்லை. தரையோடு தரையாகப் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தேன். விளிம்பில் ஊசி ஊசியாக ஐஸ், விரல் சூட்டில் உடனே உருகியது. உள்ளே இலை பச்சையாகத்தான் இருக்கிறது. அதை நம்ப முடியாது. வெயில் ஏறியதும் இலை துவளும், இரண்டு மூன்று நாளில் காப்பிப் பொடி நிறத்துக்கு வரும். பிறகு புதுக் கொழுந்து வரக் கோடை மழை வரைக்கும் காத்திருக்க வேண்டும். வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தால் ஓரளவு பிழைக்கும். தாவரவியல் பூங்காவில் அதிகாலையில் புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவதும், நாற்றுகளை மிலார் செடிகளால் மூடுவதும் இதற்காகத்தான். பூங்காவுக்கு ஆள் இருக்கிறது. எனக்கு ஒரு ஹோஸ் பைப்பும் மகளும். கீழ்ப் பாத்தி வரை எட்டவில்லை.

பத்து மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும் வெயில். நிழலில் நின்றால் மறுபடியும் நடுக்கம்.

மார்ச் 14

வறட்சி. தேயிலையில் சிவப்புச் சிலந்தி. காட்டில் தீ வைத்துவிடுகிறார்கள், சாயங்காலமானால் புகை வாசம். தண்ணீர் லாரிக்கு வரிசை.

ஏப்ரல் 27

பருவமழை இரண்டும் எங்கள் பேரில் இல்லாத மாதம். இடி மழைதான் கதி. மத்தியானம் வரை சுட்டெரிக்கும், மூன்று மணிக்குக் கருக்கும், பெய்தால் உண்டு. 2024-இல் இதே நாட்களில் ஊட்டியில் 29 டிகிரி அடித்தது, அதுவரை அங்கே பதிவாகாத சூடு. அடுத்த மாதம் மலை ஏற இ-பாஸ் வந்தது. அது சூட்டுக்காக அல்ல, வண்டிகளுக்காக. சூட்டிலிருந்து தப்பிக்கத்தான் அத்தனை வண்டியும் ஏறுகிறது என்பது வேறு விஷயம். நேற்று சென்னைக்காரர் ஒருவர் டீக்கடையில் ஃபேன் இல்லையா என்று கேட்டார்.

கார்போகத்துக்கு நிலம் கொத்தி வைத்தாயிற்று. ஆடி, ஆவணியில் கடைபோகம், தையில் நீர்போகம் இருக்கிறதென்றாலும் மழையை நம்பிப் போடுகிற பெரிய வெள்ளாமை இதுதான். நேற்று ஒரு மழை, அரை மணி நேரம், ஒரு சாண் ஆழம் நனைந்திருக்கிறது. மாமா இன்னொரு மழை பார்த்துவிட்டு மே முதல் வாரம் விதைக்கலாம் என்கிறார். அவர் நிலம் மேட்டில் இருக்கிறது, சொல்லலாம். என் கீழ்ப் பாத்தி பள்ளம், ஈரம் நிற்கும். அதில் நாளைக்கே கேரட் விதைத்துவிடுகிறேன். மேல் பாத்திக்கு மாமா சொன்னபடி.